உடலே விளைநிலம்

ஒரு பள்ளத்தை நிரப்ப மண் வேண்டுமாயின், வேறோரிடத்தில் பள்ளந் தோண்டியே ஆகவேண்டும். சிதைந்த முகத்தைச் சீராக்கும் சத்திரசிகிச்சை நிபுணரின் நிலையும் இதுவே. நோயினாலோ விபத்தினாலோ தாடையை இழந்தவருக்கு, அவருடைய காலிலிருந்தே என்பும் தோலும் எடுத்துப் பொருத்துவர். இவ்வாறு தனக்குரிய இரத்தக் குழாய்களோடு எடுக்கப்படும் இழையத் துண்டு 'மடல்' எனப்படும். முகம் சீராகும், ஆனால் காலில் வடு எஞ்சும், சிலருக்கு நோவும் தளர்ச்சியும் எஞ்சும்.

அவ்வாறாயின், வேண்டியதை ஆய்வுகூடத்திலேயே வளர்த்தெடுத்தல் ஆகாதோ? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இழையப் பொறியியல். மெல்லிய தோலைக் கிண்ணத்தில் வளர்த்தல் கைகூடிவிட்டது. தடித்த தசையும் என்பும் அவ்வாறு எளிதில் வளர்வதில்லை. காரணம் யாது? ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர் தூரத்துக்குள் நுண்ணிய இரத்தக் குழாயொன்று இல்லையாயின், ஒட்சிசன் எட்டாமல் உயிர்க் கலம் மடியும். நீர் வற்றிய வயலில் வாய்க்காலோரப் பயிர் மட்டும் பிழைப்பது போல, தடித்த இழையத்தின் புறம் பிழைக்கும், நடு மடியும்.

இத்தடையைக் கடக்க, ஜேர்மனியின் கீல் நகரத்தில் பற்றிக் வார்ங்கே என்னும் நிபுணரும் அவர் குழுவினரும் நோயாளியின் உடலையே விளைநிலமாக்கினர். அவ்விவரம் 2004 ஆம் ஆண்டில் 'லான்செற்' மருத்துவ இதழில் வெளியாயிற்று. புற்றுநோய்ச் சிகிச்சையில் கீழ்த்தாடையின் ஒரு பகுதியை இழந்த ஒருவர், பல ஆண்டுகளாக மென்மையான உணவையே உண்டு வாழ்ந்தார். குருதி உறையாதிருக்க மருந்து உட்கொண்டு வந்தவராதலின், அவருடைய என்பை வெட்டியெடுக்க வைத்தியர்கள் அஞ்சினர்.

ஆகவே, இழந்த தாடையின் வடிவத்தைக் கணினியில் வரைந்து, அதற்கேற்பத் தைத்தானிய வலைக்கூடு ஒன்றைச் செய்தனர். மாட்டெலும்பின் கனிமத் துண்டுகள், நோயாளியின் சொந்த என்பு மச்சை, என்பு வளரத் தூண்டும் புரதம் ஆகியவற்றை அதனுள் இட்டு, அவருடைய முதுகுத் தசைக்குள் பதித்தனர். தசையின் இரத்தக் குழாய்கள் கூட்டினுள் ஊடுருவின; புதிய என்பு தோன்றலாயிற்று. 7 வாரங்களின் பின், அக்கூட்டைச் சூழ்ந்த தசையோடும் குழாய்களோடும் எடுத்து, தாடையிற் பொருத்திக் கழுத்தின் இரத்தக் குழாய்களுடன் இணைத்தனர். மேலும் 4 வாரங்களில் அம்மனிதர் பாணும் இறைச்சியும் மென்று உண்டார். பல்லாண்டுகளின் பின் அவர் உண்ட முதல் திட உணவு அதுவே.

ஆயினும், இஃது எங்கும் வழங்கும் சிகிச்சையாகிவிடவில்லை. முதுகுத் தசையின் ஒரு பகுதி அப்போதும் வெட்டப்பட்டது. வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தைப் புற்றுநோய் கண்டவரிடத்துப் பயன்படுத்துவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பள்ளந் தோண்டாமலே பள்ளம் நிரப்பும் நாள் இன்னும் வரவில்லை. ஆனால், தோண்டும் பள்ளத்தைச் சிறிதாக்க முடியும் என்பதை அந்த ஒருவேளை உணவு உணர்த்திற்று.