ஹெரால்டில் எதை மாற்றலாம்?



இந்த மணிமங்கலத்துக்குப் பக்கத்திலே, வண்டலூரில் உருவானதுதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. என்னிடமும் ஒன்று உண்டு. 'எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்'னு பிடிவாதம் பிடிச்சவன் நான். பின்பக்கக் குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கை மாற்றவில்லை. பட்டறையில் வளைவு ஏற்றிக்கொண்டேன். கம்பெனியே 1972-ல் வந்த கெஸலில் அந்த அமைப்பை விட்டுட்டு ஒரே இறுக்கமான ஆக்ஸிலுக்குப் போயிடுச்சு. இருந்தாலும், அதை மாத்தினா ஹெரால்டு ஏது?

முன்பக்க ட்ரன்னியன் வேறு கதை. அதற்கு கியர் ஆயில் விடணும். எனக்கு முன்னே யாரோ கிரீஸ் அடிச்சு வச்சிருந்தாங்க. உள்ளே துருப்பிடித்து மரை தேய்ந்தால், திருப்பத்தில் வெர்ட்டிகல் லிங்க் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். அங்கே ஒரிஜினல் பார்க்காமல் புதுசு போட்டேன். கழற்றிய பழசைக் கொண்டுவந்திருக்கிறேன். தம்பிகளா, அந்த மரையைத் தடவிப் பாருங்க.