கடல் கடந்த கல்விக்கு ஒரு கணக்கு



உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இன்றும் காணக் கிடக்கின்றன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலையால் ஊர்ச் சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை அவை விரித்துரைக்கின்றன. வயது, நிலம், வீடு, கல்வி என்னும் தகுதிகளைக் கூறிய பிறகு, மற்றொரு விதியையும் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருடைய பெயரைக் குடத்தில் இடலாகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது.

இதைப் பள்ளியிலே பாடமாகப் படித்திருப்பீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டதோ, அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கத் திட்டமிடுவதையும் அதற்குப் பொருள் தேடுவதையும் பற்றியது. இரண்டுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். ஒருவன் கணக்கிலே தவறினால் அதன் சுமை அவனுடைய சுற்றத்தார் மீதும் விழும் என்பதை அந்தக் கல்வெட்டிலே காண்கிறோம். படிப்புக்காகக் கடல் கடக்கும் மாணவனுடைய கணக்கும் அத்தகையதே. அவன் எழுதும் கணக்கில் விழுகிற பிழையை ஊரிலிருக்கும் தாயும் தந்தையும் தம்பி தங்கையரும் சுமக்க நேர்கிறது.

மாணவர்க்கு ஆகும் செலவை முன்கூட்டியே எண்ணி எழுதிவைப்பது நமக்குப் புதிய பழக்கமன்று. உத்திரமேரூருக்கு வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற இடத்தில் திருமுக்கூடல் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயிலில், பதினோராம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. அங்கே ஒரு கல்விச்சாலை நடந்தது. மாணவர் விடுதி இருந்தது. பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவசாலையும் இருந்தது. மாணவர் உண்ணும் சோறு மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை. படுக்கும் பாய், இரவு விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமை நீராட்டுக்கு எண்ணெய் ஆகியவையும் வருகின்றன. ஆசிரியர்க்குக் கொடுப்பது மட்டுமே கல்விச் செலவு என்று அவர்கள் எண்ணவில்லை. மாணவன் உண்ண வேண்டும், உறங்க வேண்டும், நோயுற்றால் மருந்துண்ண வேண்டும் என்பதையும் சேர்த்தே எண்ணினார்கள்.

இக்காலத்து மாணவர் பலர் செய்யும் முதற்பிழை இங்கேதான் இருக்கிறது. பல்கலைக்கழகம் கேட்கும் கட்டணத்தை மட்டும் பார்த்து, "இவ்வளவுதான் செலவு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நம் நாட்டவருள் புகழ்பெற்ற ஒருவருடைய கணக்கைப் பார்ப்போம். கணித மேதை இராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக இருந்தவர். 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் சென்னையிலே கப்பலேறி அவர் கேம்பிரிட்ஜ் சென்றார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தது. பயணச் செலவுக்கும் உடைகளுக்கும் தனியே பணம் கொடுத்தது. டிரினிடி கல்லூரி ஆண்டுக்கு 60 பவுன் அளித்தது. அன்று ஒரு பவுன் 15 ரூபாய். ஆகவே பல்கலைக்கழகம் தந்தது 3,750 ரூபாய். துறைமுகக் கழகத்தில் அவர் பத்தாண்டு உழைத்தாலும் 3,600 ரூபாய்தான் சேர்ந்திருக்கும்.

இதில் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த 250 பவுனில் 50 பவுன், ஊரிலிருந்த அவருடைய குடும்பத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. மகன் படிக்கச் சென்றாலும் வீட்டில் அடுப்பு எரிந்தாக வேண்டுமல்லவா? அயல்நாட்டுக் கல்வியின் கணக்கில் இந்த வரி இல்லையென்றால் அது அரைக் கணக்கே. மற்றொன்றும் உண்டு. பணமுடை இல்லாதிருந்தும் 1917இல் அவர் கடும் நோய்வாய்ப்பட்டார். குளிரும், போர்க்காலமும், பழகிய மரக்கறி உணவு எளிதிற் கிடைக்காமையும் அவரை வருத்தின. உடல் நலத்துக்கும் கணக்கிலே ஓர் இடம் வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

இனி நம் காலத்துக்கு வருவோம். உத்திரமேரூர்ப் பகுதியிலே இரண்டு ஏக்கர் நஞ்சையை உடைய ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். மகள் பொறியியற் பட்டம் பெற்றிருக்கிறாள். ஜெர்மனியில் இரண்டாண்டு மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் பெறுவதில்லை. "படிப்பு இலவசம்" என்று வீட்டார் மகிழ்கிறார்கள்.

ஆனால் நுழைவிசைவு பெற வேண்டுமானால், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குரிய பணத்தை அந்நாட்டு முடக்கக் கணக்கொன்றில் முன்னதாகவே செலுத்த வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. மாதம் 992 யூரோ வீதம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு யூரோவுக்கு 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், இது ஏறத்தாழ 12 இலட்ச ரூபாய். குடும்பம் அரும்பாடுபட்டு அந்தப் பன்னிரண்டு இலட்சத்தைச் சேர்த்துவிடுகிறது. மகள் விமானம் ஏறிவிடுகிறாள்.

இரண்டாம் ஆண்டுக்கு என்ன செய்வது? அதற்கும் இன்னொரு பன்னிரண்டு இலட்சம் வேண்டுமே!

நண்பர்களே, ஏரிப் பாசனத்திலே பயிர் செய்யும் நம் உழவர்கள் இந்தத் தவற்றைச் செய்வதில்லை. ஏரியிலே எவ்வளவு நீர் நிற்கிறது, அறுவடை வரையில் அது எத்தனை ஏக்கருக்குப் போதும் என்று கணித்த பிறகே நாற்றுவிடுகிறார்கள். நடவுக்கு மட்டும் நீர் இருந்து, கதிர் வாங்கும்போது ஏரி வற்றிப்போனால் விதையும் வீண், உழைப்பும் வீண். அயல்நாட்டுப் படிப்பும் அப்படியே. முதல் ஆண்டுக்கன்று, பட்டம் பெறும் நாள் வரைக்கும் நீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆகவே அந்தப் பெண் கணக்கை இவ்வாறு எழுதட்டும். புறப்படுமுன் ஆகும் செலவு: கடவுச்சீட்டு, மொழித்தேர்வுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணங்கள், நுழைவிசைவு, விமானச் சீட்டு, குளிருக்கேற்ற உடை. அங்கே ஆகும் செலவு: அறை வாடகை, உணவு, நோய்க் காப்பீடு, நூல்கள், போக்குவரத்து. திரும்பி வந்த பிறகு ஆகும் செலவு: கடனும் வட்டியும். இரண்டாண்டு வாழ்க்கைச் செலவு 24 இலட்சம், புறப்பாட்டுச் செலவு 2 இலட்சம், ஆக மொத்தம் 26 இலட்சம் என்று கொள்வோம். கையிருப்பு 6 இலட்சம். எஞ்சிய 20 இலட்சம் கடன்.

வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகையையும் முதலிலேயே வாங்கினால், படிக்கும் இரண்டாண்டும் வேலை தேடும் ஓராண்டுமாக மூன்றாண்டில் தனி வட்டியே 6 இலட்சம். 26 இலட்சத்தைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதந்தோறும் ஏறத்தாழ 34,400 ரூபாய் கட்ட வேண்டும். அங்கேயே நல்ல வேலை அமைந்தால் இது பெரிதன்று. ஆனால் வேலை அமையாமல் ஊர் திரும்ப நேர்ந்தால், இங்கே கிடைக்கும் ஊதியத்தில் இதைக் கட்ட முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை எழுதாமல் கடன் பத்திரத்தில் கையெழுத்திடக் கூடாது.

நிலம் உள்ள குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். பெரிய கடனுக்கு வங்கிகள் ஈடு கேட்கின்றன. 2002ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கடன் மீட்புச் சட்டத்தின்படி ஈட்டுச் சொத்தை நீதிமன்றம் செல்லாமலே வங்கி விற்கலாம். வேளாண் நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே நஞ்சையை ஈடாக ஏற்க வங்கிகள் பொதுவாகத் தயங்குகின்றன. உடனே தந்தை தனியாரிடம் செல்கிறார். மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் 20 இலட்சத்துக்கு மாத வட்டி 40,000 ரூபாய். வங்கிக்குக் கட்டும் 34,400 ரூபாயில் முதலும் வட்டியும் சேர்ந்து தீருகின்றன. இந்த 40,000 ரூபாயிலோ முதலில் ஒரு காசும் குறைவதில்லை. நிலம் கைமாறுவதற்கு இதைவிடக் குறுக்கு வழி வேண்டுமா?

இன்னொரு தீங்கும் நம்மிடையே பரவியிருக்கிறது. நுழைவிசைவுக்கு வங்கி இருப்பைக் காட்ட வேண்டும் என்பதற்காக, சில வாரங்களுக்கு மட்டும் வட்டிக்குப் பணம் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டிவிட்டு, பிறகு திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். இதற்கென்றே தரகர்களும் இருக்கிறார்கள். அயல்நாட்டுத் தூதரகத்தை ஏய்த்துவிட்டதாக மாணவன் எண்ணுகிறான். அந்த இருப்பை அவர்கள் ஏன் கேட்டார்கள்? அந்நாட்டிலே ஒருவன் பசியின்றி வாழ இவ்வளவு வேண்டும் என்பதற்காகக் கேட்டார்கள். இல்லாத பணத்தை இருப்பதாகக் காட்டியவன் அந்தப் பசியைத் தன்னோடு கொண்டுசெல்கிறான். பொய் வெளிப்பட்டால் நுழைவிசைவும் போகும்.

"அங்கே பகுதிநேர வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்வேன்" என்பார்கள். அதற்கும் வரம்பு உண்டு. ஜெர்மனியில் 2024 மார்ச்சு முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்க்குப் பாடக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே இசைவு. அந்த வருவாய் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆகும். அதையே சோறாக நம்பிச் செல்லலாகாது. நாணய மாற்றையும் நினைவில் வையுங்கள். 2014இல் ஏறத்தாழ 61 ரூபாயாக இருந்த அமெரிக்க டாலர், 2024 முடிவில் 85 ரூபாயைக் கடந்துவிட்டது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கடலுக்கு அப்பால் போடுவதை எத்தனை முறை அளக்க வேண்டும்!

இவற்றையெல்லாம் கேட்டு, "அப்படியானால் ஏழை மாணவன் அயல்நாடு செல்லக் கூடாதா?" என்று நீங்கள் மனம் தளர வேண்டியதில்லை. செல்லலாம், செல்ல வேண்டும். முதலில் உபகாரச் சம்பளத்தைத் தேடுங்கள். பட்டியல் சாதியினர், நிலமற்ற உழவுத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் ஆகியோர் வீட்டு மாணவர்க்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்க்குத் தமிழ்நாட்டரசும் உதவித்தொகை வழங்குகிறது. 1959இல் வகுக்கப்பட்ட காமன்வெல்த் திட்டம், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டம், 1892இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா நிறுவிய கடனுதவி நிதி ஆகியவையும் உண்டு. இவற்றுக்கு விண்ணப்பிக்கும் நாள், படிப்புத் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். ஆகவே கல்லூரியின் இறுதியாண்டு தொடங்குமுன்பே நாட்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா முயற்சிக்குப் பிறகும் பணம் குறைந்தால் ஓராண்டோ ஈராண்டோ பொறுத்திருங்கள். அது தோல்வியன்று. அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னர் அளித்த மாதம் பதினொன்றரைப் பவுன் உதவியோடு அமெரிக்கா சென்றார். பின்பு இலண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது உதவிக்காலம் முடிந்தது; 1917இல் படிப்பை இடையிலே நிறுத்தித் திரும்பினார். பம்பாய்க் கல்லூரியொன்றில் ஆசிரியப் பணி செய்து பணம் சேர்த்தார். கோல்ஹாப்பூர் மன்னரும் உதவினார். 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, 1923இல் ஆய்வுப் பட்டத்தைப் பெற்றார். அவர் காத்திருந்த மூன்றாண்டுகளை யாரேனும் வீணான காலம் என்பார்களா?

இன்றிரவே ஒரு தாளை எடுத்துக்கொண்டு பெற்றோரோடு அமருங்கள். மூன்று தலைப்பிலும் செலவை எழுதுங்கள். குடும்பத்துக்கென்று ஒரு வரியும் எழுதுங்கள். கூட்டுத்தொகையைத் தாயிடமும் மறைக்காமல் காட்டுங்கள். அதைக் கண்டபிறகும் "போய் வா" என்று அவர்கள் சொல்வார்களானால், துணிந்து புறப்படுங்கள்.

இராமானுஜனுடைய கணக்கு எப்படி முடிந்தது என்பதையும் கூறி நிறைவு செய்கிறேன். அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மீண்டும் ஆண்டுக்கு 250 பவுன் அளிக்க முன்வந்தபோது, 1919 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுக்க வேண்டும் என்றும், தம் இன்றியமையாத செலவு போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர்கள், ஆதரவற்ற பிள்ளைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்கு நூல் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்றும் அதில் கேட்டுக்கொண்டார். நோயுற்றிருந்த வேளையிலும் அவர் கணக்கை மறக்கவில்லை. தமக்குப் பின்னே படிக்க வரும் பிள்ளைகளையும் அந்தக் கணக்கிலே சேர்த்துக்கொண்டார். நீங்களும் படித்துத் திரும்பிய பிறகு, உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவனுக்கு அந்தக் கணக்கிலே ஒரு வரி ஒதுக்குங்கள்.