தீவுப் பயணத்துக்குத் திட்டமிடல்

நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலம் தீவு என்பதைத் தொடக்கப் பள்ளியிலேயே கற்றுவிடுகிறோம். அந்த இலக்கணத்தின் முழுப்பொருள், ஒரு தீவுக்குச் செல்லப் புறப்படும்போதுதான் விளங்கும். நாற்புறமும் நீர் என்றால், அரிசியும் காய்கறியும் எண்ணெயும் கடல் கடந்தே வந்து சேரவேண்டும். அங்கே சேரும் குப்பையும் கடல் கடந்தே வெளியேற வேண்டும். ஆதலின், உதகைக்கோ கொடைக்கானலுக்கோ புறப்படுவதுபோல் நினைத்தவுடன் பெட்டியை அடுக்கிக்கொண்டு கிளம்புதல் இங்கே பொருந்தாது. மாலத்தீவை எடுத்துக்காட்டாகக் கொண்டு, வெப்ப மண்டலத் தீவொன்றின் உல்லாச விடுதிக்குச் செல்ல விரும்புவோர் எவ்வாறு திட்டமிடுதல் வேண்டும் என்பதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மாலத்தீவு நமக்கு முற்றிலும் புதிய நாடன்று. முதலாம் இராசராச சோழனின் மெய்க்கீர்த்தி, கடலிலுள்ள பழந்தீவுகள் பன்னீராயிரத்தை அவன் கைக்கொண்டதாகக் கூறும். அவை மாலத்தீவே என வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். தூத்துக்குடித் தோணிகள் நெடுங்காலமாக அத்தீவுகளுக்குச் சரக்கு ஏற்றிச் சென்றுள்ளன. நம் கடைகளில் விற்கும் மாசிக்கருவாடு அந்நாட்டாரின் கைத்திறனே. 1965ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 26ஆம் நாள் அந்நாடு விடுதலை பெற்றது.

ஏறத்தாழ 1,190 பவளத் தீவுகள், வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல், நிலநடுக்கோட்டையும் தாண்டிச் சிதறிக் கிடக்கின்றன. மக்கள் ஊர் அமைத்து வாழ்பவை 200க்கும் குறைவே. அவை தனித்தனியே கிடப்பதில்லை. வளையம் வளையமாக அமைந்துள்ளன. இவ்வளையத்தை உலகோர் 'அட்டோல்' என்கின்றனர். அது அந்நாட்டாரின் திவேகி மொழி உலகுக்கு ஈந்த சொல். எரிமலை மெல்ல மெல்லக் கடலுள் அமிழ, அதன் விளிம்பில் பவளம் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருந்ததால் வளையம் தோன்றியது என்று 1842இல் சார்லசு டார்வின் விளக்கினார். அங்குள்ள வெண்மணலில் பெரும்பகுதி எவ்வாறு உண்டாகிறது, தெரியுமா? கிளிமீன்கள் பவளப்பாறையைக் கடித்துத் தின்று, அரைத்துக் கழிப்பதே மணலாகிக் கரை சேர்கிறது. நாம் உலாவும் கரை, உயிர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய கரை. இதனை மனத்தில் கொண்டே திட்டத்தைத் தொடங்குதல் வேண்டும்.

எந்தப் பயணமாயினும், ஒரு தாளில் சில கேள்விகளை எழுதி, விடையையும் எதிரே எழுதுவது என் வழக்கம். தீவுப் பயணத்துக்கு நான்கு கேள்விகள் போதும். எப்போது செல்வது? எவ்வாறு சேர்வது? எங்கே தங்குவது? எதை எவ்வளவு செலவழிப்பது?

முதற் கேள்விக்கு விடை கூறுவது காற்று. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். அப்போது வானம் தெளிந்திருக்கும், கடல் அமைதியாக இருக்கும், கட்டணமும் உச்சியில் இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையையும் அலையையும் கொணரும், கட்டணம் குறையும். மழைக்காலம் என்றால் வீண்காலம் என்று எண்ணிவிடலாகாது. பா வளையத்திலுள்ள அனிபாரு விரிகுடாவுக்கு ஆனைத்திருக்கைகள் நுண்ணுயிர்களை உண்ணக் கூட்டமாக வருவது அப்பருவத்தில்தான். 2011இல் யுனெசுகோ அந்த வளையத்தை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. அவ்விரிகுடாவில் காற்றுக்கலம் பூட்டி மூழ்குவதற்கு அனுமதி இல்லை. நீரின்மேல் மிதந்தவாறே அத்திருக்கைகளைக் காணலாம். எதைக் காண விரும்புகிறோம் என்பதை முதலில் துணிந்தால், எப்போது செல்வது என்பதும் தானே துணியப்படும்.

இரண்டாவது, சேரும் வழி. விமானம் மாலே நகருக்கு அருகிலுள்ள ஊலுலே தீவில் இறங்கும். ஆயின் அது பயணத்தின் முடிவன்று, பாதியே ஆகும். அங்கிருந்து விசைப்படகிலோ, உள்நாட்டு விமானத்திலோ, நீரில் இறங்கும் கடல் விமானத்திலோ செல்லவேண்டும். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். ஆதலின், மாலையில் வந்து இறங்குவோர் ஓர் இரவைத் தலைநகர்ப் பகுதியில் கழிக்க நேரும். அதற்குத் தனிச் செலவும் உண்டு. பொதுமக்கள் செல்லும் படகுகள் வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலும் ஓடுவதில்லை. விமானச் சீட்டு வாங்குமுன் படகின் நேரத்தை அறிந்துகொள்ளுங்கள் என்பதே நான் கூறும் எளிய விதி.

மூன்றாவது, தங்குமிடம். 1972இல் குரும்பா என்னும் முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டது. அதன்பின், ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பது அந்நாட்டின் வழக்கமாயிற்று. அத்தகைய தீவில் ஊர் இல்லை, கடைத்தெரு இல்லை. விடுதியும் விருந்தினரும் பணியாளருமே உண்டு. அழகும் தனிமையும் நிறைந்த இடம் என்பதில் ஐயமில்லை. எனினும், அங்கே பத்து நாள் தங்கித் திரும்புபவன் மாலத்தீவைக் கண்டானா, விடுதியை மட்டும் கண்டானா என்பது கேட்கத்தக்க கேள்வியே. 2009ஆம் ஆண்டுக்குப் பின், மக்கள் வாழும் ஊர்களிலும் சிறு விருந்தினர் இல்லங்கள் பெருகியுள்ளன. அங்கே செலவு குறைவு. தொழுகை அழைப்பும், மீன்பிடித் தோணிகள் கரை சேரும் காட்சியும், பள்ளிச் சிறுவரின் ஆரவாரமும் அங்கே உண்டு. அவை இசுலாமிய ஊர்கள். ஆடையிலும் நடத்தையிலும் அடக்கம் வேண்டும். நாட்டுக்குள் மதுவும், பன்றியிறைச்சியும், வழிபாட்டுக்குரிய சிலைகளும் கொண்டுவருதல் தடை செய்யப்பட்டுள்ளது. விடுதியில் சில நாள், ஊரில் சில நாள் எனப் பகுத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

நான்காவது கேள்விதான் அரிய கேள்வி. பணச் செலவைக் கணக்கிடுவது எளிது. விளம்பரத்தில் காணும் அறைக் கட்டணத்தோடு பணிக் கட்டணம், வரி, படகுக் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 2015ஆம் ஆண்டு முதல், ஓர் இரவுக்கு ஒரு தலைக்கு இவ்வளவு எனப் பசுமை வரியும் விதிக்கப்படுகிறது. இவற்றைக் கூட்டியபின் வரும் தொகையே உண்மையான கட்டணம்.

ஆனால் தண்ணீரை எவ்வளவு செலவழிக்கப் போகிறோம் என்று எத்தனை பேர் திட்டமிடுகிறோம்? அத்தீவுகளில் ஆறில்லை, மலையில்லை. மணலில் ஊறிய மழைநீர், உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். மிகுதியாக இறைத்தால் அதுவும் உவர்த்துவிடும். எனவே, தலைநகரிலும் விடுதிகளிலும் எண்ணெய் எரித்துக் கடல்நீரைக் குடிநீராக்குகின்றனர். 2014ஆம் ஆண்டு டிசம்பரில் மாலேயின் குடிநீராக்கும் நிலையத்தில் தீப்பற்றியது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் குழாயில் நீரின்றித் தவித்தனர். இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீரை அனுப்பி உதவியது. சுற்றிலும் கடல், குடிப்பதற்கு நீர் இல்லை! விடுதியின் குளியலறையில் தாராளமாகக் கொட்டும் நீர் அத்தகைய நாட்டின் நீர்.

குப்பையும் அவ்வாறே. மாலேக்கு அருகில் திலாபுசி என்ற இடம் உள்ளது. அது 1990களின் தொடக்கம் முதல் குப்பையைக் கொட்டிக் கொட்டி உருவாக்கப்பட்ட தீவு. நாம் எடுத்துச் செல்லும் நெகிழிப் புட்டியைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவது பெரிய தியாகமன்று. ஆனால் பவளத் துண்டைக் கொண்டுவருதல் கூடாது. அது சட்டத்துக்கு மாறானது.

பவளம் பாறைபோல் தோன்றினும் உயிருள்ளது. நீந்தும்போது அதன்மேல் கால் ஊன்றினால், பல்லாண்டு வளர்ச்சி ஒரு நொடியில் ஒடியும். கடல்நீர் சிறிது சூடேறினாலும், தன்னுள் வாழும் நுண்பாசியை இழந்து அது வெளுத்துவிடும். 1998இலும் 2016இலும் மாலத்தீவின் பவளம் இவ்வாறு பெருமளவில் வெளுத்தது. பவளம் அழிந்தால் அலையைத் தடுக்கும் அரண் இல்லை. மணல் தரும் கிளிமீனும் இல்லை.

அந்நாட்டின் நிலத்தில் பெரும்பகுதி, கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரங்கூட இல்லாதது. 2009 அக்டோபர் 17ஆம் நாள், அந்நாட்டு அமைச்சரவை நீர்மூழ்கும் உடை அணிந்து கடலுக்கடியில் கூட்டம் நடத்திற்று. கடல் உயர்ந்தால் தங்கள் நாடு என்னாகும் என்பதை உலகுக்கு உணர்த்தவே அவ்வாறு செய்தனர். தொலைவிலிருந்து விமானத்தில் செல்லும் நம் பயணத்தின் புகையும் அக்கடலைச் சூடாக்குவதில் ஒரு சிறு பங்கு கொள்கிறது. அதற்காகச் செல்லவே கூடாது என்று நான் கூறமாட்டேன். அந்நாட்டின் வருவாயில் பெரும்பங்கு விருந்தினரால் வருவதே. ஆனால் இரண்டு நாள் ஆரவாரத்துக்காக அடிக்கடி பறப்பதைவிட, ஒருமுறை சென்று பல நாள் தங்கி நன்கு காண்பது மேல்.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் நாளை ஈட்டிய பொருளைக்கொண்டு தீவுகளுக்குச் செல்வீர்கள். அந்தமானுக்கோ இலட்சத்தீவுக்கோ செல்லினும் இக்கேள்விகள் நான்கும் பொருந்தும். ஏழை உறவினர் வீட்டுக்கு விருந்துக்குச் செல்லும்போது, அவ்வீட்டின் குடத்தில் எவ்வளவு தண்ணீர் உண்டு என்பதைக் குறிப்பால் அறிந்து நடப்பது நம் மக்களின் பண்பாடு. தீவுக்குச் செல்லும் விருந்தினரும் அப்பண்பாட்டை உடன் கொண்டு செல்வார்களாயின், அத்தீவு அவர்களுக்குப் பின் வருவோரையும் வரவேற்கும்.