'சூடுதான் டாக்டர்!'



ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பஸ்ஸில் பருத்திப்பட்டைக் கடக்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து சுவர்களைப் பார்த்தால் போதும். சென்னைப் புறநகர் முழுக்க ஒட்டப்படும் நோட்டீஸ்தான்: 'ரகசிய நோய்களா? கூச்சம் வேண்டாம்.' கீழே லாட்ஜ் பெயர், அறை எண், வைத்தியர் வரும் தேதி. படித்த டாக்டர் பக்கத்திலிருக்க, அந்த அறைக் கதவை ஏன் தட்டுகிறார்கள்? அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் லாட்ஜ் வைத்தியர் பணத்தைக் கறந்தாலும், வந்தவரை உட்காரவைத்து, முகம் சுளிக்காமல் கதை கேட்கிறார்.

கிளினிக்கில் நடப்பது வேறு. "ஒண்ணுக்குப் போனா எரியுது, சூடுதான் டாக்டர்" என்று நோயாளி மழுப்புவார். வெட்டை நோய் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழாது. சில டாக்டர்களுக்கும் கேட்க நாக்கு எழுவதில்லை. திரையை இழுத்துவிட்டு உடம்பைப் பார்க்காமலே மாத்திரை எழுதிவிடுகிறார்கள். அந்தச் சங்கடமும் வேண்டாமென்று மெடிக்கல் ஷாப்பிலேயே காரியத்தை முடிப்பவர்களும் உண்டு. இப்படி வாங்கி விழுங்கப்பட்ட சிப்ரோஃப்ளாக்சசின், வெட்டைக்குக் கைகண்ட மருந்தாக இருந்த காலம் போயே போய்விட்டது. கிருமி பழகிக்கொண்டது.

மருந்துக்கு என்னவோ பஞ்சமில்லை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 7 நிறங்களில் மருந்துப் பொட்டலங்கள் வகுத்திருக்கிறது. சீழ் வடிந்தால் சாம்பல் நிறம்: அஸித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம், ஒரே வேளை. புண் என்றால் வெள்ளை: 24 லட்சம் யூனிட் பென்சிலின் ஊசி, கூடவே அஸித்ரோமைசின். லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், அறிகுறியை வைத்தே அன்றைக்கே கொடுத்துவிடலாம். ஆனால் எந்த நிறம் என்று முடிவுசெய்ய, டாக்டர் புண்ணைக் கண்ணால் பார்த்தாக வேண்டுமே!

இதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. பெண்கள் பலருக்கு அறிகுறியே தெரிவதில்லை. கணவர் மருந்தோடு வீடு திரும்புவார், மனைவிக்கு ஒரு வார்த்தை போகாது. சில வாரங்களில் நோய் திரும்ப கணவரிடமே வரும். கிரந்தி என்று பெரியவர்கள் சொன்ன சிஃபிலிஸ், கர்ப்பிணி வழியாகக் குழந்தையையும் தாக்கும். அதனால்தான் கர்ப்ப காலத்தில் ரத்தப் பரிசோதனை. "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்கம்மா" என்று சொல்ல டாக்டருக்கு அரை நிமிஷம் ஆகும். வெளியே நாற்பது பேர் டோக்கனோடு காத்திருக்கும்போது அந்த அரை நிமிஷம்தான் முதலில் பறிபோகிறது.

நோயாளியிடம் சொல்லாமல் விடும் பழக்கம் எச்.ஐ.வி. கதையிலும் உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தார்கள். மயிலாப்பூரில் அடைத்துவைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் கையுறைகூட இல்லாமல் ரத்தம் எடுத்து, தன் வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்து, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார் நிர்மலா. 6 பேருக்குத் தொற்று உறுதியானது. மெச்ச வேண்டிய துணிச்சல்தான். ஆனால் எந்தச் சோதனை என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்பதை நிர்மலாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். பால்வினை நோய்க்காக என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள்.

எச்.ஐ.வி. உள்ளவர்களைத் தொடவே ஆஸ்பத்திரிகள் தயங்கிய நாட்களில், 1993இல், ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார் சுனிதி. 2018இல் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, சம்மதம் வாங்காமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது, சிகிச்சையை மறுக்கக் கூடாது, விவரத்தை வெளியே விடக் கூடாது. வெட்டைக்கும் கிரந்திக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே டாக்டர்களின் நடத்தை விதிகள்தான் காவல்.

ஆவடியிலேயே அரசு ஆஸ்பத்திரி இருந்தும், பருத்திப்பட்டுக்காரர் ஒருவர் மின்சார ரயிலேறி சென்ட்ரல் எதிரிலுள்ள ஜி.எச்.சுக்குப் போனால் அதைத் தப்புச் சொல்ல முடியாது. வரிசையில் தெரிந்த முகம் இருக்காது. அதற்கும் தயங்குகிறவர்கள் 1097க்கு போன் செய்து பேசலாம். காசு கிடையாது, பெயரும் சொல்ல வேண்டியதில்லை.