நெஞ்சைத் தட்டுவதற்கு முன்னால்

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பு நாளில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



"ஒலி, அதிர்வு இதையெல்லாம் வச்சு வைரஸ் நிமோனியாவுக்குச் செய்யற பிசியோதெரபி பத்திப் பேசுங்க" என்று செயலாளர் போனில் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான், இதைப் பேசினால் என் தப்பு ஒன்றையும் சேர்த்துப் பேச வேண்டுமே என்று உறைத்தது. பரவாயில்லை, இது நம்ம வீடுதானே. இங்கே சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

நெஞ்சுக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பழையது. ஆஸ்திரியாவில் அவென்புருக்கர் என்று ஒரு மருத்துவர். சத்திரம் நடத்தியவரின் மகன். அப்பா ஒயின் பீப்பாயைத் தட்டிப் பார்த்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பாராம். மகன் நோயாளியின் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். 1761-ல் அதைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். 1816-ல் பாரிஸில் லேனெக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நெஞ்சில் வைத்துக் கேட்டார், ஸ்டெதஸ்கோப் பிறந்தது. இன்றைக்கும் நம் வார்டில் நெஞ்சில் கையை வைத்து, "ஒண்ணு ஒண்ணு ஒண்ணுன்னு சொல்லுங்க" என்கிறோம். நிமோனியாவில் இறுகிப்போன நுரையீரல் என்றால் அதிர்வு கைக்குக் கூடுதலாக வரும். நீர் கோத்திருந்தால் குறைந்து போகும். இது நோயை அறிவதற்கான ஒலி.

அடுத்தது சிகிச்சைக்கான ஒலி. கையைக் குவித்து முதுகில் தட்டுகிறோம். மூச்சை வெளியே விடும்போது கையால் அதிர்வு கொடுக்கிறோம். 1980-களில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வாரன் வார்விக் குழுவினர் காற்றடைத்த ஜாக்கெட் ஒன்றைச் செய்தார்கள். நொடிக்கு 5 முதல் 20 தடவை வரை அது நெஞ்சை அமுக்கி அமுக்கி விடும். சளி இளகும், சுவரை விட்டுப் பிரியும், வெளிவிடும் மூச்சோடு மேலே ஏறும். கனடாவில் லூயி பிளாண்ட் என்பவர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளி. ஒரு கச்சேரியில் பெரிய ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு இருமல் தாங்காமல் எழுந்து வெளியே போக வேண்டியதாயிற்று. வேறு யாராக இருந்தாலும் டிக்கெட் காசு போச்சே என்று நொந்திருப்பார். அவர் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர். கனத்த ஒலிதான் சளியைக் கிளப்பியது என்று புரிந்துகொண்டு, நெஞ்சில் வைக்கும் ஒலிக் கருவி ஒன்றையே உருவாக்கினார்.

இதெல்லாம் உண்மை. நல்ல வேலை செய்யும் உண்மை. ஆனால் யாருக்கு? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், பிராங்கியெக்டேசிஸ் மாதிரி கப் கப்பாகச் சளி வருகிறவர்களுக்கு.

இனி என் கதை. 2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலை. நான் அப்போது வேலை பார்த்த மருத்துவமனையில் படுக்கை இல்லை, பாதி நாள் தூக்கமும் இல்லை. ஐம்பது வயதுள்ள ஒரு பள்ளி வேன் டிரைவர் சேர்ந்திருந்தார். வறட்டு இருமல். மாஸ்க் வழியாக ஆக்சிஜன், சாச்சுரேஷன் 91. மகன் தினமும் போன் செய்வான். "சார், அப்பா நெஞ்சுல சளி கட்டியிருக்குன்னு சொல்றாங்க. நீங்க தட்டிவிட்டா வெளிய வந்துடும்ல சார்?" நாலு நாள் கேட்டான். ஐந்தாவது நாள் தட்டினேன்.

சளி இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவில்லை. பிபிஇ கிட்டுக்குள் அதைக் காதில் மாட்டுவதே பெரும்பாடு என்பது அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். பக்கவாட்டில் படுக்க வைத்துத் தட்ட ஆரம்பித்தேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. அவர் என் கையைப் பிடித்தார். "சார், சும்மா விடுங்க சார். மூச்சு விட்டுக்கறேன்." மானிட்டரைப் பார்த்தேன். 82. சிஸ்டர் ஓடிவந்து ஆக்சிஜனைக் கூட்டினார். டூட்டி டாக்டர் வந்து, இருவரும் சேர்ந்து அவரைக் குப்புறப் படுக்க வைத்தோம். பழைய அளவுக்கு வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு சொட்டுச் சளி வரவில்லை. இருந்தால்தானே வரும்!

என்ன நடந்தது? வைரஸ் நிமோனியாவில், முக்கியமாக ஆரம்ப நாட்களில், பிரச்சினை குழாயில் இல்லை. காற்றுப்பைகளின் சுவரே வீங்கி, நீர் கசிந்து நிற்கிறது. சாக்கடை அடைத்துக்கொண்டால் குச்சி விட்டுக் குத்தலாம். சுவரே ஓதம் ஏறி ஊறிப்போயிருந்தால் குச்சி என்ன செய்யும்? மூச்சுக்குத் திண்டாடுகிற மனிதரைப் புரட்டித் தட்டினால் அவர் உடம்பு இன்னும் ஆக்சிஜன் கேட்கும். போதாததற்கு அவருக்கு ஹெப்பாரின் ஊசி போய்க்கொண்டிருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுக்கிறவரை ஓங்கித் தட்டினால் ரத்தம் கட்டிக்கொள்ளவும் கூடும். இருமல் வந்தால் வார்டு முழுக்க வைரஸ்.

இது எனக்குத் தெரியாத விஷயமா? 1985-லேயே ஸ்வீடனில் 171 நிமோனியா நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். நெஞ்சு பிசியோதெரபி கொடுத்ததால் சீக்கிரம் குணமாகவில்லை. பிறகு வந்த கோக்ரேன் தொகுப்பாய்வுகளும், நிமோனியா என்று வந்த எல்லோருக்கும் வழக்கமாக இதைச் செய்வதற்கு ஆதாரம் போதாது என்றே சொல்கின்றன. படித்தது மூளையில் இருந்தது. மகனின் குரல் காதில் இருந்தது. அன்றைக்குக் காது ஜெயித்துவிட்டது.

அந்த அண்ணன் பிழைத்துவிட்டார். பத்தொன்பதாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். போகும்போது எனக்குக் கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதே மாதம் இன்னொரு நோயாளி. ஒரு அம்மா. வென்டிலேட்டரில் பதினொரு நாள். மேலே பாக்டீரியா தொற்றும் சேர்ந்துகொண்டது. இடது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் காற்றே போகவில்லை, எக்ஸ்ரேயில் வெள்ளை. இந்தத் தடவை கேட்டுப் பார்த்தேன், கை வைத்துப் பார்த்தேன். டாக்டரிடம் பேசிவிட்டு, இடது பக்கம் மேலே வரும்படி படுக்க வைத்து, மூச்சை விடும் நேரம் பார்த்து அதிர்வு கொடுத்தேன். சிஸ்டர் உறிஞ்சி எடுத்தார். கெட்டியான சளிக் கட்டி ஒன்று வந்தது. மறுநாள் எக்ஸ்ரேயில் அந்தப் பக்கம் திறந்திருந்தது. அதே கை, அதே அதிர்வு. ஒருவருக்குத் தொல்லை, இன்னொருவருக்கு வைத்தியம்.

தட்டாமலே செய்யக்கூடியது ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1997-ல் ஸ்வீடனில் இன்னொரு ஆய்வு வந்தது. 145 நோயாளிகள். ஒரு பாட்டிலில் 10 சென்டிமீட்டர் தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் குழாய். ஒரு வேளைக்கு 20 தடவை, நாளைக்கு 10 வேளை, குமிழி வர ஊதச் சொன்னார்கள். சீக்கிரம் எழுந்து நடமாடியவர்கள் சராசரி 5.3 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். குமிழி ஊதியவர்கள் 3.9 நாள். தண்ணீரின் எதிரழுத்தம் காற்றுப்பைகளைத் திறந்து வைக்கிறது, குமிழியின் அதிர்வும் மூச்சோடு சேர்ந்துகொள்கிறது.

டாக்காவில் டாக்டர் சிஷ்டி இதே தத்துவத்தில், தண்ணீருக்குள் குமிழி விடும் ஷாம்பு பாட்டிலை வைத்துக் குழந்தைகளுக்கு அழுத்தத்தோடு ஆக்சிஜன் கொடுத்தார். கடும் நிமோனியா உள்ள குழந்தைகள். 2015-ல் லான்செட்டில் முடிவு வந்தது: சாதாரண ஆக்சிஜனில் இறப்பு 15 சதவீதம், குமிழி முறையில் 4. உடனே கைதட்ட வேண்டாம். 2019-ல் மலாவியில், டாக்டர் தினமும் வந்து பார்க்காத ஒரு மாவட்ட மருத்துவமனையில் குமிழி முறையைச் செய்தபோது இறப்பு 17 சதவீதம். சாதாரண ஆக்சிஜனில் 11 தான். ஆக, பாட்டில் மட்டும் காப்பாற்றுவதில்லை. பக்கத்தில் நின்று பார்க்கிற ஆள் காப்பாற்றுகிறார்.

முனகல், பிராமரி பற்றியும் கேட்பீர்கள். வாயை மூடி "ம்ம்" என்று முனகினால் மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு 15 மடங்கு கூடுகிறது என்று 2002-ல் ஸ்வீடன்காரர்கள் காட்டினார்கள். சுவாரசியமான விஷயம். ஆனால் அது நிமோனியாவைக் குணப்படுத்தும் என்பதற்கு அது சாட்சி ஆகாது. நோய் போன பிறகு வரும் மூச்சுத் திணறலுக்குப் பாட்டு உதவலாம். லண்டனில் இங்கிலிஷ் நேஷனல் ஆப்பரா பாடகர்கள் கொரோனாவுக்குப் பின் மூச்சு வாங்கியவர்களுக்குப் பாடச் சொல்லிக் கொடுத்தார்கள். 2022-ல் வெளியான முடிவு நம்பிக்கை தருகிறது.

தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்கள் கிளினிக்குக்கும் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். "சார், சவுண்ட் வேவ், எல்லா நிமோனியாவுக்கும் ஆகும், தவணையில் தரலாம்" என்பார். பெட்டி நல்ல பெட்டியாகவே இருக்கலாம். வாங்கவும் செய்யுங்கள். ஆனால் சுவிட்சைப் போடுவதற்கு முன் நாலு கேள்வி: சளி இருக்கிறதா? அதை அவரே இருமி எடுக்க முடியவில்லையா? இதைத் தாங்கும் அளவுக்கு ஆக்சிஜனும் தெம்பும் இருக்கிறதா? எலும்பு முறிவு, ரத்தக் கசிவு ஆபத்து ஏதும் இல்லையே? நாலுக்கும் 'ஆமாம்' வந்தால் மட்டும் கையை வையுங்கள். வராவிட்டால் சாய்த்து உட்கார வையுங்கள், டாக்டரோடு பேசிக் குப்புறப் படுக்க வையுங்கள், தெம்பு வந்ததும் நாலு அடி நடக்க வையுங்கள். வீட்டுக்காரர்களுக்கு உட்கார்ந்து விளக்குங்கள். அந்தப் பையனுக்கு முதல் நாளே பத்து நிமிஷம் ஒதுக்கியிருந்தால், அவன் அப்பாவை நான் தட்டியிருக்க மாட்டேன்.

இந்தக் கல்லூரியில் என் ஆசிரியர் ஒருவர் முதல் வருஷத்திலேயே சொன்னார்: "கை வைக்கறதுக்கு முன்னாடி காதை வை." பரீட்சைக்கு அது வராது என்று நோட்டில் எழுதாமல் விட்டேன். நீங்களாவது எழுதிக்கொள்ளுங்கள்.

 சாப்பாடு தயார் என்று செயலாளர் அங்கிருந்து சைகை காட்டுகிறார்.