பிறந்த வீடு ஆக்ஸ்போர்டு, புகுந்த வீடு கடலூர்

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எங்கள் அணித் தலைவர் அண்ணன் அவர்களே! எதிரே உட்கார்ந்து, ‘இந்த அம்மா எப்ப முடிப்பாங்க’ என்று நான் தொடங்குவதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்க்கிற அன்புத் தம்பிகளே! கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்திருக்கிற ஓட்டுநர் சகோதரர்களே! பெரியோர்களே, தாய்மார்களே!

‘நம்பி ஏற நல்லது நம் நாட்டுக் காரா, வெளிநாட்டுக் காரா’ என்று தலைப்பு. என்னைக் கூப்பிட்டபோது என் வீட்டுக்காரர் கேட்டார்: “தமிழ் வாத்தியாருக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்?” நான் சொன்னேன், “காரே தமிழ்ச் சொல்தாங்க. கார் என்றால் மேகம். கார்காலம், கார்குழல், கார்நெல்.” அவர் சொன்னார், “அதெல்லாம் சரி, அதில் ஏறி வைத்தீஸ்வரன் கோயில் போக முடியுமா?” (சிரிப்பு)

ஐயா, சிதம்பரத்தில் நின்று பேசுகிறோம். கோயிலைச் சுற்றி நாலு வீதி. கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. இங்கிலீஷ் பலகையில் என்ன எழுதியிருக்கிறது? ‘ஈஸ்ட் கார் ஸ்ட்ரீட்’, ‘சவுத் கார் ஸ்ட்ரீட்’. வெளியூர் டிரைவர் ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு, ‘கார் நிறுத்தத்தான் வீதி விட்டிருக்காங்க’ என்று நடுரோட்டில் நிறுத்திவிட்டார். (சிரிப்பு) அது நம்ம தேர் ஐயா! ஆனியிலும் மார்கழியிலும் மூலவராகிய நடராசப் பெருமானே சிவகாமி அம்மையோடு வெளியே வந்து ஏறுகிற தேர். பிள்ளையார், முருகன், சண்டிகேசுவரர் எல்லோரோடும் சேர்த்து ஐந்து தேர். அந்தத் தேரில் அச்சு முனகினால் எந்தக் கம்பெனிக்குப் போன் போடுகிறோம்? உள்ளூர் ஆசாரி வருகிறார், கொல்லர் வருகிறார், கையை வைக்கிறார், ஓடுகிறது. பிரேக் என்ன? முட்டுக்கட்டை. ஸ்டீயரிங்கும் அதுதான். நம்பகம் என்பதற்கு என்னுடைய அளவுகோல் அதுதான். கெட்டுப்போகாத வண்டி உலகத்தில் கிடையாது. கெட்டால், கெட்ட இடத்திலேயே யார் எழுப்புவார்கள்? அதைச் சொல்லுங்கள்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு குண்டு போட்டார். ‘அம்பாசடரை நாட்டுக் கார் என்கிறீர்களே, அது மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்கிற இங்கிலீஷ் வண்டிதானே’ என்றார். ஆமாம் தம்பி. பிறந்த வீடு ஆக்ஸ்போர்டு பக்கம். 1950களில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை என்று இருந்ததை வாங்கி வந்து, 1958இல் வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி அம்பாசடர் என்று பெயர் வைத்தது. பிரீமியர் பத்மினியும் அப்படித்தான், இத்தாலி ஃபியட் 1100. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் செய்தார்களே ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அதுவும் இங்கிலாந்துப் பெண்தான்.

நான் கேட்கிறேன், 1958இல் மருமகளாக வந்தவள், 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையின் கதவு சாத்துகிற வரைக்கும் ஐம்பத்தாறு வருஷம் இந்த மண்ணிலேயே உழைத்தாள். கலெக்டரையும் சுமந்தாள், கருவாட்டுக் கூடையையும் சுமந்தாள். அவளைப் பார்த்து இன்னமும் ‘நீ எந்த ஊரு’ என்று கேட்டால் நியாயமா? தாய்மார்களே, நீங்கள் சொல்லுங்கள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் மாமியார் அப்படித்தான் கேட்பார் என்கிறீர்களா? அதுவும் சரிதான். (சிரிப்பு, கைதட்டல்)

இப்போது எதிரணி பெரிதாகப் பேசுகிற வெளிநாட்டுக் கம்பெனிகளைப் பார்ப்போம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே பம்பாயில் கார் பூட்டி விற்றது. ஃபோர்டும் அந்தக் காலத்திலேயே வந்தது. 1953இல் நம் அரசாங்கம் என்ன சொன்னது? ‘பெட்டியில் பாகத்தைக் கொண்டுவந்து இங்கே திருகாணி முடுக்குகிற வேலை வேண்டாம், பாகங்களையும் இங்கேயே செய்யுங்கள்.’ இரண்டு பேரும் கடையைக் கட்டினார்கள். பிறகு 1990களில் கதவு திறந்ததும் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். சந்தோஷம். ஜெனரல் மோட்டார்ஸ் 2017இல் இங்கே விற்பனையை நிறுத்திவிட்டது. ஃபோர்டு, இனி இங்கே கார் செய்வதில்லை என்று 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசிக் கார் 2022இல் வெளியே வந்தது. இரண்டு தரம் வந்து இரண்டு தரம் பெட்டியைத் தூக்கியவர்கள்! நடுவிலே தேவூ சியலோ வந்தது, பெஜோ 309 வந்தது. எங்கே அவையெல்லாம்? என் மாணவர்களுக்குப் பெயர்கூடத் தெரியவில்லை.

பணக்காரருக்கு இது ஒரு நஷ்டம் இல்லை ஐயா. வித்துட்டு வேற வாங்குவார். சிதம்பரத்தில் ஒரு ஓட்டுநர் என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். மனைவியின் நகையை வைத்து முன்பணம் கட்டி, மீதிக்குக் கடன் வாங்கி, வெளிநாட்டுப் பெயர் போட்ட காரை எடுத்தார். மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பெனி கிளம்பிவிட்டது. பாகம் கிடைக்கும், சர்வீஸ் நடக்கும் என்று அறிவித்தார்கள், நடக்கவும் நடந்தது. ஆனால் அவர் அவசரத்துக்கு அந்த வண்டியை விற்கப் போனபோது புரோக்கர் பேசிய விலை, பாக்கிக் கடனுக்குக்கூடக் காணவில்லை. வண்டி நன்றாகத்தான் ஓடியதாம். “இன்ஜின்ல ஒரு குறை சொல்ல முடியாதும்மா, பேரு செத்துப்போச்சு” என்றார். இரண்டு வருஷம், ஓடுகிற வண்டிக்கும் ஓடிப்போன கம்பெனிக்கும் சேர்த்து அவர் தவணை கட்டினார்.

‘உங்கள் அம்பாசடர் கம்பெனியும்தானே மூடியது’ என்று அங்கே ஒரு தம்பி கையைத் தூக்குகிறார். மூடியது. ஆனால் அந்த வண்டிக்கு ஒரு சாமான் வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டையில் போய்ச் சொல்லிப் பாருங்கள். நாலு கடை ஏறி இறங்கினால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் லேத் பட்டறைக்காரர் கடைந்து கொடுப்பார்.

மஞ்சக்குப்பத்தில் கார் ஸ்டாண்டு ஓட்டுநர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் நமக்கு மேடையே வேண்டாம் ஐயா. மூத்தவர் ஒருவர், அம்பாசடரிலேயே முடி நரைத்தவர். சித்திரை வெயிலில் ஆலப்பாக்கம் தாண்டி வண்டி நின்றுபோகுமாம். பெட்ரோல் சூடாகி ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். என்ன வைத்தியம்? தோளில் கிடக்கிற துண்டை நனைத்து பம்ப் மேலே போடு. பத்து நிமிஷம், ஒரு பீடி. வண்டி கிளம்பும். பிளாட்டினம் பாயிண்ட் கருகிவிட்டால்? தீப்பெட்டியின் மருந்துப் பட்டையில் தேய்த்துப் போடு. இதைச் சொல்லிவிட்டு அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

பக்கத்தில் நின்ற இளைஞர் விட்டாரா? “பெருசு, எங்க வண்டி நிக்கவே நிக்காது. நீங்க துண்டைப் பிழியற நேரத்துல நான் பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்திருப்பேன்” என்றார். (சிரிப்பு) அதிலும் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். 1983 டிசம்பர் 14ஆம் தேதி மாருதி 800இன் முதல் சாவியை இந்திரா காந்தி அம்மையார் கொடுத்தாரே, அன்றைக்கே பழைய வண்டிகளுக்கு வயசாகிவிட்டது. 796 சி.சி. இன்ஜின், சின்ன உடம்பு, நல்ல மைலேஜ், ஒரு கையால் திருப்பலாம். பெண்கள் நிறையப் பேர் துணிந்து ஸ்டீயரிங் பிடித்தது அந்த வண்டியில்தான். சுசுகியின் கை அதில் உண்டு. ஆனால் குர்கானில் செய்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பாகங்களையும் இங்கேயே செய்து, மூலைக்கு மூலை மெக்கானிக்குக்குப் பழக்கமாகி, 2014 வரைக்கும் ஓடிற்று. அதுவும் நல்ல மருமகள் கணக்கிலேதான் வரும்.

அதே இளைஞர் ஒரு ராத்திரி பட்ட பாட்டையும் மறைக்காமல் சொன்னார். சிதம்பரத்தில் ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி. ஜிப்மருக்குக் கொண்டு போகிறார்கள். இரவு ஒன்றரை மணி. புதுச்சத்திரம் தாண்டியதும் முன்பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அவ்வளவுதான், வண்டி நாற்பதுக்கு மேலே போகமாட்டேன் என்கிறது! என்னவென்றால், ஏதோ ஒரு சென்சார் தப்பாகச் சேதி சொன்னால், இன்ஜினைக் காப்பாற்றுவதற்காக உள்ளேயிருக்கிற கம்ப்யூட்டரே வேகத்தைக் குறைத்துவிடுமாம். எப்படி இருக்கிறது பாருங்கள்! பின் சீட்டில் ஒரு மனுஷ இதயம் துடிக்கிறது. வண்டி தன் இதயத்தைக் காப்பாற்றிக் கொள்கிறது. வாடிக்கை மெக்கானிக்கைப் போனில் எழுப்பினால், “ஸ்கேனர் போட்டுப் பார்க்கணும் தம்பி, அது கம்பெனி ஷோரூம்லதான் இருக்கு, காலையில ஒன்பது மணிக்குத் திறப்பாங்க” என்கிறார். கடைசியில் என்ன நடந்தது? கடலூர் ஸ்டாண்டுக்குப் போன் போட்டு, அந்தப் பெருசுதான் எதிரே வந்து பெரியவரை ஏற்றிக்கொண்டு போனார். பெரியவர் பிழைத்தார். இப்போது அந்த இளைஞர் அம்பாசடரைக் கிண்டல் செய்வதில்லை. பெருசைத்தான் செய்கிறார்.

ஸ்டைலுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் காருக்கே பெயர் ‘பிளசர்’. அனுபவிப்பதற்கு என்றே பெயர் வைத்தவர்கள் நாம். மாப்பிள்ளை அழைப்புக்கு நீளமாக ஒரு திறந்த வெளிநாட்டுக் கார் வரும். மாப்பிள்ளை கோட்டு சூட்டில் வேர்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நாதசுரக்காரர் நடக்கிற வேகத்தில்தான் கார் போகும். ஒரு மணி நேரம். அதோடு அதன் வேலை முடிந்தது. மறுநாள் அதே குடும்பம் குலதெய்வத்துக்கு எதில் போனது? முன்னால் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர், மடியில் இரண்டு பேர், டிக்கியில் பொங்கல் பானை. அம்பாசடர்! டிரைவருக்கு மட்டும் கதவோரம் கால் சீட்டு. (கைதட்டல்)

இன்னோவாவைச் சொன்னார்கள். திருக்கடையூர் அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிற வெளிநாட்டுத் தமிழர்கள் அதைத்தான் கேட்கிறார்கள், ஓட்டுநர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள் என்றார்கள். ஆமாம், நல்ல வண்டி. 2005இலிருந்து கர்நாடகத்துப் பிடதியில் செய்கிற வண்டி. அது ஜப்பான்காரன் பெயரால் ஜெயிக்கவில்லை தம்பி, இங்கேயே தங்கியதால் ஜெயித்தது. எங்கள் பக்கத்துச் சாட்சியை நீங்களே கூட்டி வந்திருக்கிறீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் வருகிறது ஐயா. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்கிற ஐந்து சின்னக் கார்களை மோதிச் சோதித்தது. காற்றுப்பை இல்லாத மாடல்கள். ஐந்துக்கும் நட்சத்திரம் பூஜ்யம். அதில் டாடாவும் உண்டு, மாருதியும் உண்டு, நம்மையும் நான் விடவில்லை. ஆனால் ஃபோக்ஸ்வாகன் போலோவும் அதில் இருந்தது. அதே காரில் இரண்டு காற்றுப்பை வைத்துச் சோதித்தபோது நாலு நட்சத்திரம்! வைக்கத் தெரியாமல் இல்லை. ஜெர்மனியில் அந்தப் பை இல்லாமல் ஒருவர் காரில் உட்கார மாட்டார், நம் பிள்ளைகள் உட்காரலாமா? முடிவு வந்த பிறகுதான் பையில்லாத போலோவை நிறுத்தினார்கள். இங்கேயே செய்து ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் கார் எது? 2018 டிசம்பரில், டாடா நெக்ஸான். பூஜ்யம் வாங்கிய வீட்டிலிருந்தே ஐந்து வருஷத்துக்குள் ஐந்து வந்தது. ஃபோர்டிடமிருந்து ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 2008இல் வாங்கினதும் அதே டாடாதான். எதிரணி இனிமேல் அவற்றை எந்தப் பட்டியலில் எழுதுவார்கள் என்று யோசித்து வைக்கட்டும்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு சேதி. எதிரணித் தலைவர் இன்று இரவு கடலூர் திரும்புவதற்கு வாடகைக் கார் பேசியிருக்கிறார். வெளியே நிற்கிற டிரைவரிடம் அது என்ன வண்டி என்று நான் கேட்டுவிட்டுத்தான் மேடை ஏறினேன். நான் சொல்லமாட்டேன். அடுத்துப் பேச வருகிறார், அவரே சொல்லட்டும்! (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)