கூழ்ப்பானையும் ரொட்டித் தட்டும்

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



நாங்கள் வலிகாமத்திலும் வடமராட்சியிலும் இருந்து வந்திருக்கிறோம். கொஞ்சக் காசில் வீட்டிலே நல்ல சாப்பாடு சாப்பிடுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சிக்கனம் சொல்லித்தர எங்களுக்கு என்ன தகுதி? கொழுந்துச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற நீங்கள்தான் எங்களுக்குப் படிப்பிக்க வேண்டும். ஆனபடியால் புத்திமதியை விட்டுவிட்டு, யாழ்ப்பாணத்தில் நாங்கள் சமைத்த கதையைச் சொல்லுகிறோம்.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கினது. குடாநாட்டுக்கு வருகிற தரைப்பாதை அடைபட்டது, கரண்ட் நின்றது, பல சாமான்களுக்குத் தடை வந்தது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், சீனி எல்லாம் நெருப்பு விலை. ஜாம் போத்தலுக்குள் சொட்டு எண்ணெய் விட்டு விளக்கெரித்தோம். பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டபோதும் அதே பாடுதான். சங்கக்கடை வரிசையில் நின்றால் அரிசி, மா, கொஞ்சம் பருப்பு கிடைக்கும்.

அரிசியும் மாவும் வயிற்றை நிரப்பும். பிள்ளை நிமிர்ந்து நிற்க அது மட்டும் காணாது. மிச்சத்தை வளவுக்குள் தேடினோம். வேலியில் முருங்கை, கிணற்றடியில் வல்லாரை, பொன்னாங்காணி, பற்றையில் முசுட்டை. பனங்கிழங்கைப் பச்சையாய்க் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அதை இடித்த மாவில்தான் கூழ். மாவைத் தண்ணியில் ஊறவிட்டு, மேல்தண்ணியை வடித்து ஊற்ற வேண்டும். இரண்டு மூன்று தரம் அப்படிச் செய்தால்தான் கசப்புப் போகும்; அவசரப்படக் கூடாது. உலையில் ஒரு பிடி அரிசி, மரவள்ளி, பலாக்கொட்டை, பயிற்றங்காய், நிறைய முருங்கையிலை போடுவோம். மீன் அகப்பட்டால் சூடை, இல்லாவிட்டால் கருவாடு, அதுவும் இல்லாவிட்டால் வெறும் இலைதான். கடைசியாய்க் கரைத்த மா, அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி.

இதிலே எங்களுக்குப் பெரிசாய்த் தெரிகிற விஷயம் வேறை. கூழை எல்லாரும் பானையைச் சுற்றி இருந்து, பிலாவிலை கோலிக் குடிப்போம். அப்பாவுக்கு வேறை, பிள்ளைக்கு வேறை என்று பிரிக்க ஏலாது. கடைசியாய்க் குடிக்கிற தாய்க்கும் அதே கூழ்தான். சொல்லப்போனால் மீனும் கிழங்கும் அடியிலேதான் கிடக்கும், அவவுக்குக் கெட்டியாய்க் கிடைக்கும்!

சோறும் கறியும் அப்படியில்லை. மீன் துண்டு ஐயாவுக்கு, முட்டை மகனுக்கு, தாய்க்குச் சட்டி வழித்த குழம்பு. எங்கட ஊரிலும் இதுதான் நடக்கிறது. கூட்டத்துக்கு முதல் நாலைந்து பேர் எங்களிடம், "மலை ஏறினா மூச்சு வாங்குது, தலை சுத்துது" என்று சொன்னீர்கள். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்தால் அப்படித்தான் இருக்கும். வயிற்றில் பிள்ளை இருக்கிற நேரம் குறைந்தால் பிள்ளையும் நிறை குறைந்து பிறக்கலாம். கிளினிக்கில் காட்டி இரத்தம் சோதியுங்கோ. குளிசை தந்தால் தகரப்பெட்டிக்குள் வையாமல் விழுங்குங்கோ. ஐயாமார் குறை நினைக்க வேண்டாம், கூடை சுமக்கிற மனுஷிக்கும் ஒரு துண்டு மீன் வேணும்.

இன்னொன்று சொன்னால் கோபிப்பீர்களோ தெரியாது. தேயிலை உங்கட தொழில், தேத்தண்ணியைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் ரொட்டியைக் கடித்து உடனே தேத்தண்ணியைக் குடித்தால், அதிலுள்ள சாயச்சத்துக் கீரை, பருப்பின் இரும்பைப் பிடித்து வைத்துவிடும், உடம்புக்குச் சேரவிடாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கோ. சாப்பாட்டோடு தேசிக்காய்ப் புளி, கொய்யாப்பழம், நெல்லிக்காய் எது கிடைத்தாலும் சேருங்கோ. புளிப்பு இரும்பைச் சேர்த்துக் கொடுக்கும்.

2022 செப்டெம்பரில், கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி, சாப்பாட்டுச் சாமான் விலை ஒரு வருஷத்துக்குள் 94.9 வீதம் ஏறியிருந்தது. அப்போது ரொட்டி மாவுக்கே நீங்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். உயரத் தோட்டங்களில் முருங்கை சரிவராது, குளிர் அதுக்கு ஆகாது. ஒடியலும் இங்கே இல்லை. ஆனால் வரும் வழியில் மரக்கறிப் பாத்திகளின் ஓரத்தில் பீற்றூட் இலை, முள்ளங்கி இலை, நோக்கோல் இலை குவியலாய்க் கிடந்து வாடுவதைக் கண்டோம். எங்களுக்கு மனசு பதைத்தது. தடைக் காலத்தில் அதை ஒருத்தரும் எறிந்திருக்க மாட்டோம். மருந்தடித்துக் கனநாள் ஆகாத இலை என்றால் தொடவேண்டாம். வீட்டுப் பாத்தியில் முளைத்ததை நல்லாய்க் கழுவி, சின்னதாய் அரிந்து, தேங்காய்ப்பூப் போட்டு வறையாக்கலாம். ரொட்டி மாவோடும் பிசையலாம். பிள்ளைகள் கீரையைப் பொறுக்கி எறிய வழியில்லை. கோதுமை மாவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் குரக்கன் மா சேருங்கோ. ரொட்டி கறுக்கும், பசி தாங்கும், சுண்ணாம்புச்சத்தும் இருக்குது. நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு வறுத்து இடித்துச் சம்பலில் கலந்தால், ஒரு பிடியே வீட்டுக்குக் காணும். கருவாட்டிலே உப்பு இருக்கிறபடியால் சம்பலுக்கு வேறை உப்புப் போடாதையுங்கோ.

பேச்சுக் காணும். குரக்கன் மாவிலே கூழ் காய்ச்சிக் காட்டப் போகிறோம், அடுப்பு மூட்டியாச்சுது. கீரை அரிய இரண்டு பேர் வாங்கோ. ஐயாமாரில் ஒருத்தர் பானையைத் தூக்கித் தந்தால் நல்லது.